வாரோசு: கடல் கடந்த ஊரில் வாழ்வும் உடைமையும் வழியும்

திருமுதுகுன்றத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் சுந்தரர் எடுத்துக்கொண்டார் என்பது பெரியபுராணம் வழங்கும் செய்தி. ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடும் பழமொழிக்கு விருத்தாசலமே பிறப்பிடம் என்பர். அருளாளர் ஒருவர்க்கு அது இயன்றது. ஏனையோர்க்கோ, உடைமையைத் தொலைவிடத்துக்குக் கொண்டுசெல்வதும், சென்றவிடத்தில் அதனைக் காத்துக்கொள்வதும் எக்காலத்தும் பெருங்கவலைகள். அக்கவலைக்குப் பழந்தமிழ் வணிகர் கண்ட விடை ஒன்று, இந்தோனேசியாவின் சுமத்திராத் தீவில், மேலைக் கடற்கரையை ஒட்டிய லோபு துவா என்னும் சிற்றூரில் கல்லெழுத்தாகக் கிடைத்தது.

1873இல் வெளிப்பட்ட அக்கல் பின்னர்ச் சகார்த்தா அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932இல் அதனைப் பற்றி விரிவாக எழுதினார். 1990களில் பேராசிரியர் எ. சுப்பராயலு மீண்டும் படித்துத் திருத்தமான பாடம் தந்தார். சக ஆண்டு 1010, மாசித் திங்கள், அதாவது கி.பி. 1088 என்பது அதன் காலம். வாரோசு என்று அக்கல் குறிக்கும் ஊர் இன்றைய பாருசு. 'மாதங்கரி வல்லவத் தேசி உய்யக்கொண்ட பட்டினம்' என்னும் நெடும்பெயரும் அதற்கு உண்டு. அங்கே கூடிய திசையாயிரத்து ஐந்நூற்றுவர், தம் மக்கள் என்று உரிமையோடு சுட்டும் நகர சேனாபதி முதலானோர்க்கும் யானைப்பாகர்க்கும் ஒரு வருவாயை உரிமையாக்கினர். துறைக்கு வரும் மரக்கல நாயகனும் துடுப்பு வலிப்போரும், கத்தூரி விலையை அளவாகக் கொண்டு, 'அஞ்சு துண்டாயம்' என்னும் கட்டணத்தைப் பொன்னாகச் செலுத்திய பின்னரே விரித்த பாவாடையில் அடியெடுத்து வைக்கலாம். இதுவே கல்லின் சாரம். அறத்தை மறவாதிருக்கும் அறிவுரையோடு அது முடிகிறது.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. அக்காலத்தில் சோழநாட்டை ஆண்டவன் முதற் குலோத்துங்கன். ஆயினும் கல்லில் அவன் பெயர் இல்லை, ஆட்சியாண்டும் இல்லை, சக ஆண்டே உள்ளது. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரன் நடத்திய கடற்படையெடுப்பை அவன் மெய்க்கீர்த்தி ஊர் ஊராக அடுக்குகிறது. ஸ்ரீவிசயம், மலையூர், பண்ணை, இலாமுரி, கடாரம் எனத் தொடரும் அப்பட்டியலில் வாரோசு இடம்பெறவில்லை. வாளுக்கு இலக்காகச் சொல்லப்படாத அவ்வூரில் தமிழை நாட்டியவர் வணிகரே. கூடிப் பேசுதல், விலையை அளவாக்குதல், முடிவைக் கல்லில் எழுதி வைத்தல் ஆகிய ஊர்வழக்கங்களையே அவர்கள் காவலாக உடன்கொண்டு சென்றனர். வேற்றூரில் உடைமைக்கு அரண், பலரறிய எழுதப்பட்ட சொல்லே என்பது அவர்கள் தெளிவு.

அவ்வளவு தொலைவுக்கு அவர்களை இழுத்தது கற்பூரம். மலாய் மொழி இன்றும் கற்பூரத்தைப் பாருசின் பெயரால் 'காப்பூர் பாருசு' என்றே அழைக்கிறது. மலைக்காட்டின் ஓங்கிய மரத்தில், உள்வெடிப்புகளில் அது பளிங்குபோல் உறைந்து கிடக்கும். எம்மரத்தில் உள்ளதென்று புறத்தே நின்று அறிய இயலாது. வெட்டிப் பிளந்து வெறுமை கண்ட மரங்கள் பல. மலேயத் தீபகற்பத்தின் சோகூர்க் காடுகளில் கற்பூரம் தேடப் புகுவோர் அன்றாடச் சொற்களை விலக்கி, அதற்கென அமைந்த தனிமொழியையே பேசினர். பாருசின் பின்புற மலைகளிலிருந்து சாம்பிராணியும் அதே கடற்கரைக்கு இறங்கியது. தமிழகக் கோயில்களில் மணந்த இப்பொருள்களுக்குப் பின்னே அயல்நாட்டு மலைவாணரின் கோடரியும் கால்நடையும் இருந்தன. கல்லிலோ அவர்கள் பெயர் இல்லை. வரி பெறுவோர்க்கும் வரி தருவோர்க்கும் இடமளித்த கல், மரம் ஏறியவனை விட்டுவிட்டது.

கல் சொல்லாததை மண்ணோடு சொல்லும். பீங்கான் தொழிலால் பெயர் பெற்ற விருத்தாசலத்தார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1995 முதல் பிரெஞ்சு, இந்தோனேசிய ஆய்வாளர்கள் லோபு துவாவில் நடத்திய அகழாய்வில் சீனப் பீங்கான் சில்லுகளும் மேலை ஆசியக் கண்ணாடித் துண்டுகளும் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றைக் கொண்டு கணித்தால், அக்குடியிருப்பு ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்து பதினொன்றாம் நூற்றாண்டின் இறுதியையொட்டிக் கைவிடப்பட்டது என்று தெரிகிறது. ஐந்நூற்றுவர் கல் நாட்டிய சிறிது காலத்துக்குள்ளேயே அவ்விடம் வெறுமையாயிற்று. உடைமைக்கு எழுதிய அரண் ஊருக்கு அரணாகவில்லை.

எனினும் வடசுமத்திராவில் தமிழர் தொடர்பு அத்துடன் அறவில்லை. மேடான் நகருக்கு அண்மையில் உள்ள கோத்தா சீனாவில் தென்னிந்தியச் சாயல் கொண்ட புத்தர், திருமால் சிலைகள் கிடைத்துள்ளன. அங்கிருந்து மலையேறினால் கரோ மக்களின் சிற்றூர்கள். அவர்களின் ஐம்பெருங் குலங்களுள் ஒன்று செம்பிரிங். கருநிறத்தவர் என்று அதற்குப் பொருள் கூறுவர். அதன் கிளைகளுள் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா என்பன உள்ளன. சோழ, பாண்டிய, பல்லவ, மலையாளப் பெயர்களை அவற்றில் காண்பது அறிஞர் வழக்கம். பெயர் ஒன்றே குருதிக்குச் சான்றாகாது. ஆனால் வந்தவர் பெயரை மலைவாணர் தம் குலவரிசையில் ஏற்றுக்கொண்டனர் என்பது சிறிய செய்தியன்று.

அவ்வூர்களின் வாழ்வு தமிழர்க்கு அந்நியமாகத் தோன்றாது. எட்டுக் குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் நெடுமனை அவர்களுடையது. தாய்மாமன் மகளை மணத்தல் சிறப்பாகக் கருதப்படும். பெண் கொடுத்த வீட்டார்க்கே உயர்ந்த மதிப்பு. ஊரை முதலில் நிறுவிய குடிக்கே நிலத்தில் முதலுரிமை உண்டு. பின்வந்தோர் மணவுறவின் வழியே நிலம் பெற்றனர். அங்கே உறவே பட்டயம். பழைய வழக்கில் மகளுக்கு நிலப்பங்கு இல்லை. கரோ வழக்கொன்றில் 1961இல் இந்தோனேசிய உச்சநீதிமன்றம் மகளுக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சமவுரிமை தரும் சட்டம் தமிழகத்தில் 1989இல் நடைமுறைக்கு வந்தது.

செம்பிரிங் கிளைகள் சிலவற்றில் முற்காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இறந்தோரை எரித்துச் சாம்பலைச் சேமித்துவைத்து, உரிய காலத்தில் சிறு படகுகளில் ஏற்றி இலாவ் பியாங் ஆற்றில் விடுவர். செபராயா என்னும் ஊர் அச்சடங்குக்குப் பெயர்பெற்றது. அவ்வாறு மலையிறங்கி மலாக்கா நீரிணையில் கலக்கிறது.

விருத்தகாசி எனப் போற்றப்படும் விருத்தாசலத்திலும் இறந்தோர் சாம்பலை மணிமுத்தாற்றில் கரைப்பர். அது வெள்ளாற்றோடு கூடிப் பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகிறது. பொன்னுக்குக் கணக்கு எழுதிய வணிகர் கல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அவர்கள் ஈட்டிய பொன் போன இடம் தெரியாது. கடலின் அக்கரையில் அவர்களுக்கு நிலைத்த உடைமையாக எஞ்சியவை, அயலார் தம் பிள்ளைகளுக்கு இட்டுவழங்கிய சில பெயர்களே.