சரளைக் கற்களும் ஒரு கணிப்பொறியும்

கணிப்பொறி கொண்டு சித்திரம் வரைதல் அண்மைக்காலப் புதுமை என எண்ணுவார் பலர். 1965 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரிற் கேயோர்க் நேஸ் என்னும் கணித அறிஞர் அத்தகைய படங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்கு வந்த ஓவியர் சிலர் வெகுண்டனர். அவர்தஞ் சினந் தணியுமாறு, மெய்யியற் பேராசிரியர் மாக்ஸ் பென்ஸ அதனைச் 'செயற்கைக் கலை' என்று வேறுபடுத்திக் கூறினார்.

நேஸ் 1968 அளவில் வரைவித்த 'சரளை' என்னும் படத்தை நோக்குக. நிரைக்குப் பன்னிரண்டாக 22 நிரைகளில் 264 சதுரங்கள். மேல்நிரை ஒழுங்காயுள்ளது. கீழே வரவரச் சதுரங்கள் சாய்ந்தும் விலகியும் சிதறுகின்றன. கோடுகள் ஒன்றன்மேலொன்று விழுமிடத்து இருள் செறிகின்றது. அவை விலகுமிடத்து வெண்டாளின் ஒளி தோன்றுகின்றது. நிழலென்று எதுவுந் தீட்டப்படவில்லை.

ஒவ்வொரு சதுரமும் எவ்வளவு சாயும் என்பதை எழுமாற்றெண்கள் தீர்மானித்தன. அச்சாய்வுக்குரிய எல்லையை நிரைதோறும் விரித்தவரோ நேஸ். வெகுண்ட ஓவியர் இவ்வேறுபாட்டைக் கருதியிருப்பின் அத்துணை சினந்திரார் என்பது எம் துணிபு. (சதுரக்கோட்டுத் தாளுந் தாயக்கட்டையும் உடைய மாணவர் தாமே இதனைச் செய்து பார்க்கலாம்.) வேறு எண்களோடு அவ்விதியை மீண்டும் இயக்கின், கற்கள் வேறுவிதமாய்ச் சிதறும், மேலே ஒழுங்கும் கீழே குலைவும் மாறா.