காம்பிராவுக்கு வெளியே ஒரு வீடு: கண்டி சத்தியோதய

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்து மனிதருக்கு வீடு என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. லயம் எனும் வரிசைக் குடியிருப்பில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, ஒற்றை அறை; அதுவும் செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் பேர் இருக்கும்வரைதான். பேர் வெட்டுப்பட்டால் லயத்தையும் விட்டாக வேண்டும். கம்பளியையும் சட்டிபானையையும் மூட்டை கட்டலாம். அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

போவதற்கு ஊரும் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான இந்தத் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கிவிட்டது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் கதி பிற்பாடு பார்த்துக்கொள்ளப்படும் என்றார்கள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட குடும்பங்கள் இரண்டு நாட்டுக் கணக்கில் பிரிந்தன.

இந்த நிலையில்தான், 1972இல், இயேசு சபைத் துறவி அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயவைத் தொடங்கினார். ஒக்ஸ்பர்டில் படித்தவர். அவர் திறந்தது வெறும் ஆய்வு நிலையம் அன்று. சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துவும் கிறிஸ்தவரும் ஒரே கூரையின் கீழ் கூடி வாழ்ந்து பார்க்க ஒரு வீடு. அந்தக் காலத்துக் கண்டியில் இதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது அந்நாளில் வாழ்ந்தவர்களுக்கே தெரியும்.

தொடங்கிய கையோடு பஞ்சம் வந்தது. 1973, 74இல் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு. தோட்டங்களில் பட்டினிச் சாவு. கொழுந்து பறித்த கைகள் கண்டித் தெருவில் நீண்டன. இடுப்பில் பிள்ளை, தோளில் மூட்டை. நகரம் அவர்களைப் பிச்சைக்காரர் என்றது. வேலையும் காம்பிராவும் பறிபோன தொழிலாளிகள் அவர்கள். காணிச் சீர்திருத்தத்தின் பேரால் தோட்டங்கள் கைமாறியபோது இன்னும் பலர் விரட்டப்பட்டார்கள். 1977 மே மாதம் தலவாக்கலை டெவன் தோட்டத்தில் காணி பறிப்பை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். ஓகஸ்டில் இனக் கலவரம். தோட்டங்களை விட்டு வடக்கே வவுனியாப் பக்கம் போனவர்கள் ஆயிரமாயிரம்.

அன்னதானத்தால் தீரும் துயரம் இல்லை இது. 1974இல் உருவான பெருந்தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகத்திலும், 1979இல் பிறந்த இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்திலும் அருட்தந்தை முன்னின்றார். தெருவில் நிற்பவரைக் கண்டால் அவரைத் தெருவுக்குத் தள்ளிய சட்டம் எது என்றும் கேட்க வேண்டும். இந்த வீட்டிடம் நான் கற்றது அதைத்தான். இறைபற்றுக்கு அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை.

நாடற்றோர் பிரச்சினைக்கு 2003இல் ஒரு சட்டம் வந்தது. அருட்தந்தை 2017இல் மறைந்தார். ஆனால் லயத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் கையில் இன்னும் காணி உறுதி இல்லை. பல தோட்டங்களில் கடிதம்கூடத் தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் வீட்டுக்கு வந்து சேர்கிறது.