எஸ். ஐ. ஹயகாவா: குடியேறிய அறிஞர் ஒருவரின் அரசியற் கருத்துகள்

ஒரு நாட்டிற் பிறந்து, வேறொரு நாட்டிற் குடியேறி, அந்நாட்டின் பிணக்குகளைப் பற்றிக் கருத்துரைக்க முற்படும் ஒருவரிடம் மக்கள் பெரும்பாலும் இரண்டிலொன்றை எதிர்பார்ப்பர். வந்து குடியேறியவர் வாளாவிருத்தலே முறை என்பது ஒன்று. தாமே ஒதுக்கலுக்கு ஆளானவராகையால் ஒதுக்கப்பட்டோர் பக்கமே நிற்பார் என்பது மற்றையது. கனடாவிற் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்து மறைந்த மொழியறிஞர் சாமுவேல் இச்சியே ஹயகாவா இவ்விரு எதிர்பார்ப்புகளையும் பொய்யாக்கியவர். பல்கலைக்கழகக் கிளர்ச்சி, குடிவரவு, அரசகரும மொழி, போர்க்காலத் தடுப்பு முகாம் ஆகிய யாவற்றிலும் அவர் கருத்துக் கூறினார். கூறிய கருத்து ஒவ்வொன்றும் ஒரு சாராரை மகிழ்விக்க மற்றொரு சாராரைக் கொதிப்படையச் செய்தது. அவரைத் துரோகி என்று தள்ளியோரும் வீரர் எனக் கொண்டாடியோரும் அவரது வாழ்க்கையின் முற்பகுதியை அறிந்திருந்தனரா என்பது ஐயத்துக்குரியது.

1906 யூலை 18 இல் வன்கூவர் நகரில் யப்பானியப் பெற்றோருக்கு அவர் பிறந்தார். தந்தையார் ஏற்றுமதி, இறக்குமதி வணிகர். மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தில் 1927 இற் கலைமாணிப் பட்டமும், மறு ஆண்டு மக்கில் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டமும் பெற்ற பின், ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று 1935 இற் கலாநிதியானார். வீட்டிற் பெற்றோரின் தாய்மொழி யப்பானியமாயினும், அவர் வளர்ந்ததும் சிந்தித்ததும் எழுதியதும் ஆங்கிலத்திலேயே. பெற்றோர் 1929 இல் யப்பானுக்குத் திரும்பினர், மகன் திரும்பவில்லை.

1936 ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு சம்பவம் பலராலும் மறக்கப்பட்டுள்ளது. அக்காலத்திற் பிரித்தானிய கொலம்பிய மாகாணத்தில் யப்பானிய வழியினர், அங்கேயே பிறந்தவராயினும், வாக்களிக்க இயலாது. மாகாண வாக்குரிமை இன்மையாற் கூட்டாட்சித் தேர்தலிலும் வாக்கு இல்லை. சட்டத்துறை, மருந்தாக்கல் போன்ற தொழில்களுக்கும் கதவு அடைத்திருந்தது. இத்தடையை நீக்குமாறு ஒட்டாவாவிலுள்ள பாராளுமன்றத்தின் விசேட குழுமுன் முறையிட நால்வர் கொண்ட தூதுக்குழுவொன்று சென்றது. அதில் ஒருவர் ஹயகாவா. நால்வரும் கனடாவிற் கற்றவர். பிழையற்ற ஆங்கிலத்திற் பேசினர். அவர்கள் பேசிய ஆங்கிலத்தை உறுப்பினர் வியந்தனர், வாக்குரிமையை வழங்கவில்லை. கனடிய யப்பானியர் அவ்வுரிமையை முழுமையாகப் பெற 1949 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதனிடையே, 1942 இற் போரைக் காரணங்காட்டி ஏறத்தாழ 22,000 பேர் அம்மாகாணத்தின் கரையோரத்திலிருந்து அகற்றப்பட்டிருந்தனர்.

எல்லைக்குத் தெற்கே நிலைமை மேலானதாக இருக்கவில்லை. யப்பானியர் பிரசாவுரிமை பெறத் தகுதியற்றவர் என 1922 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்திருந்தது. 1924 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் அவர்கள் உள்நுழைவதையே தடுத்தது. ஆகவே அமெரிக்கப் பெண்ணொருவரை 1937 இல் மணம்புரிந்து, சிக்காகோவில் ஆசிரியப் பணியாற்றி, அமெரிக்க மாணவர் தலைமுறையொன்றுக்கு ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஹயகாவா, சட்டத்தின் கண்ணிற் பிரசையாகும் தகுதியற்ற அந்நியராகவே இருந்தார். இன அடிப்படையிலான அத்தடை 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிய பின்னரே, 1954 இல், அவர் பிரசையானார். சிக்காகோவில் வாழ்ந்தமையால் மேற்குக் கரையோர யப்பானியருக்கு நேர்ந்த முகாம் வாழ்வு அவருக்கு நேரவில்லை. இதுவும் பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும்.

அவரைப் புகழேணியில் ஏற்றியது 1941 இல் வெளியான ‘செயலில் மொழி’ என்ற நூலாகும். 1949 இல் ‘சிந்தனையிலும் செயலிலும் மொழி’ என்னும் பெயரில் அது விரிவாக்கப்பட்டுப் பல்கலைக்கழகங்களிற் பல்லாண்டுகள் பாடநூலாகப் பயின்றது. அல்பிரட் கோர்சிப்ஸ்கி வகுத்த பொதுச் சொற்பொருளியலை எளிமைப்படுத்தி எழுதிய நூல் அது. சொல் வேறு, சொல் சுட்டும் பொருள் வேறு. ஓர் இனப்பெயரைச் சொன்னவுடன் அவ்வினத்தார் யாவரும் ஒரே வார்ப்பினர் என மனம் மயங்குகிறது. ‘நாம் - அவர்’, ‘நன்மை - தீமை’ என உலகை இரண்டாகப் பிளந்து நோக்கும் பழக்கமே பகைமைக்கும் பாசிசத்துக்கும் வித்து என்பதே அதன் சாரம். ஹிட்லரின் பிரசாரம் உலகை மயக்கிய காலத்தில் இந்நூல் எத்துணை தேவையானதாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போர்க்காலத்திற் கறுப்பின மக்களின் பத்திரிகையாகிய ‘சிக்காகோ டிபென்டர்’ ஏட்டில் அவர் தொடர்ந்து பத்தி எழுதினார். ஜாஸ் இசை பற்றி விரிவுரையாற்றினார். இனபேதத்துக்கு எதிரான அறிஞர் என்றே அக்காலத்தவர் அவரை அறிந்திருந்தனர்.

அத்தகையவர் 1955 இற் சன் பிரான்சிஸ்கோ அரசினர் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அங்கு மூண்ட கிளர்ச்சியின் வேரை நாடினால் 1960 ஆம் ஆண்டுக் கலிபோர்ணிய உயர்கல்வித் திட்டத்தை அடையலாம். அத்திட்டம் அரசினர் கல்லூரிகளுக்கான அனுமதியை உயர்பாடசாலை மாணவரில் முதல் மூன்றிலொரு பங்கினருக்கு மட்டுப்படுத்தியது. நகரின் வறிய பாடசாலைகளிற் பயின்ற கறுப்பின மாணவரின் விகிதம் கல்லூரியில் வீழ்ந்தது. வியற்நாம் போர் வேறு இளைஞரைக் கொதிப்படையச் செய்திருந்தது. இந்நிலையில், கருஞ்சிறுத்தைகள் கட்சியைச் சேர்ந்த ஆங்கில ஆசிரியர் ஜோர்ஜ் மறே 1968 நவம்பர் தொடக்கத்தில் இடைநிறுத்தப்பட, நவம்பர் 6 இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. கறுப்பின மாணவர் ஒன்றியம் பத்துக் கோரிக்கைகளையும், ஆசிய, இலத்தீன் அமெரிக்க மாணவரையும் உள்ளடக்கிய மூன்றாம் உலக விடுதலை முன்னணி ஐந்து கோரிக்கைகளையும் முன்வைத்தன. இனக்குழுக் கற்கைகளுக்குத் தனிப் பீடம் வேண்டும், வெள்ளையரல்லாத மாணவரைப் பெருமளவிற் சேர்க்க வேண்டும் என்பன அவற்றுள் முதன்மையானவை.

அவ்வாண்டில் ஏற்கெனவே ஒரு தலைவரை இழந்திருந்த கல்லூரியின் இரண்டாம் தலைவரும் நவம்பர் 26 இற் பதவி துறந்தார். அன்றே ஹயகாவா பதிற் தலைவராக நியமிக்கப்பட்டார். டிசெம்பர் 2 இற் கல்லூரி மீளத் திறந்தபோது, மாணவரின் ஒலிபெருக்கி பூட்டிய ஊர்தியின்மீது அறுபத்திரண்டு வயதான அப்பேராசிரியர் ஏறி, மின்கம்பிகளைப் பிடுங்கியெறிந்தார். தலையிற் கட்டமிட்ட ஸ்கொத்லாந்துக் கம்பளித் தொப்பி. அக்காட்சி தொலைக்காட்சி வாயிலாக நாடெங்கும் பரவியது. மாணவர் கிளர்ச்சிகளைக் கண்டு சலித்திருந்த பொதுமக்கள் அவரை ஓரிரவில் வீரராக்கினர். ஆளுநர் றொனால்ட் றீகனின் ஆதரவும் கிட்டியது. பத்து வயதில் முதன்முறை உருளூர்தியிற் சவாரி செய்த நாளுக்குப் பின் இத்தகைய பரபரப்பு மிக்க நாளைத் தாம் கண்டதில்லை என அவர் பத்திரிகையாளரிடம் கூறியதாகப் பதிவாகியுள்ளது. மாணவர் பொலிசாரால் அடிபட்டுக்கொண்டிருந்த வேளையில் இவ்வுரை எவ்வாறு ஒலித்திருக்கும் என்பது ஊகிக்கத்தக்கதே.

அவர் தரப்பு நியாயத்தையும் நோக்குதல் வேண்டும். வகுப்புகள் பலவந்தமாகக் குலைக்கப்பட்டன. கட்டிடங்களிற் குண்டு வைக்கப்பட்ட சம்பவங்களும் உண்டு. கற்க விரும்பும் மாணவரின் உரிமையைச் சிறு கூட்டமொன்று பறித்தல் ஆகாது என்பது அவரது வாதம். கறுப்பின மாணவருக்கெனக் கற்கைநெறி தேவை என்பதை அவர் அடியோடு மறுக்கவுமில்லை. ஆயின், கோரிக்கையையும் வன்செயலையும் வேறுபடுத்தி நோக்குமாறு பிறருக்குக் கற்பித்தவர், பதவியில் அமர்ந்தபின் அவ்வேறுபாட்டைப் பேண முயன்றதாகத் தெரியவில்லை. வகுப்புக்குச் செல்வோர் ஒருபுறம், குழப்பக்காரர் மறுபுறம் என இரண்டே வகுப்பு. முன்னையோர் அணிய நீலக் கைப்பட்டியும் வழங்கப்பட்டது. இருகூறாகப் பிளந்து நோக்கும் மனப்பாங்கைக் கண்டித்த நூலாசிரியரின் ஆட்சியில் நிகழ்ந்தது இது. 1969 சனவரியில் ஆசிரியர் பலரும் வேலைநிறுத்தத்திற் சேர்ந்தனர். அம்மாதம் 23 ஆந் திகதி ஒரே கூட்டத்தில் நானூறுக்கு மேற்பட்டோர் கைதாயினர்.

கிளர்ச்சியில் யப்பானிய அமெரிக்க மாணவரும் பங்குகொண்டனர். பெற்றோரின் முகாம் அனுபவம் வீடுகளிற் பேசப்படாத மௌனமாக இருந்த தலைமுறை அது. தம்முடைய முகச்சாயலே கொண்ட ஒருவர் பொலிசாரின் பக்கம் நின்றதை அவர்கள் மன்னிக்கவில்லை. மார்ச் மாத இறுதிவாக்கில் உடன்பாடு ஏற்பட்டது. மறேயும், கறுப்பினக் கற்கைகளுக்குப் பொறுப்பாயிருந்த சமூகவியலாளர் நேதன் ஹெயரும் மீள நியமிக்கப்படவில்லை. எனினும் மாணவர் கோரிய பீடம் கிடைத்தது. நாட்டின் முதலாவது இனக்குழுக் கற்கைகள் பீடம் 1969 இல் ஹயகாவாவின் தலைமையின் கீழேயே தொடங்கியது. வென்றவர் யார் என்ற வினாவுக்கு இரு தரப்பினரும் தத்தமக்குச் சார்பான விடையையே கூறிவந்துள்ளனர்.

1973 இல் ஓய்வுபெற்ற அவர் சனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறி, 1976 இற் கலிபோர்ணியாவிலிருந்து செனற் சபைக்குத் தெரிவானார். பனாமாக் கால்வாயை நாம் நேர்மையாகத் திருடினோம், ஆகையால் விடலாகாது எனத் தேர்தற் காலத்தில் நகைச்சுவையாகக் கூறியவர், 1978 இல் அதனைத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தங்களுக்கு ஆதரவாக வாக்களித்தார். அமர்வுகளில் உறங்குகிறார் என்ற கேலிக்கும் ஆளானார்.

ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பணயமாக இருந்த 1980 இல், ஐக்கிய அமெரிக்காவிலிருந்த ஈரானியரைத் தடுத்துவைக்கச் சனாதிபதிக்கு அதிகாரம் அளிக்க வேண்டும் என அவர் பிரேரித்தார். ஏறத்தாழ 120,000 யப்பானிய வழியினர் விசாரணையின்றி முகாம்களில் அடைக்கப்பட்டு நாற்பதாண்டுகூட நிறையவில்லை. அதே அளவுகோலை வேறோர் இனத்தாருக்குப் பயன்படுத்தலாம் என்று, அவ்வினப்பெயர் தாங்கிய ஒருவரே முன்மொழிந்தமை பலரைத் திகைப்பில் ஆழ்த்தியது. முகாம் வாழ்வுக்கு இழப்பீடு வழங்குவதையும் அவர் எதிர்த்தார். முகாமால் யப்பானியர் கரையோரக் குடியிருப்புகளிலிருந்து வெளியேறி நாடெங்கும் பரந்து பொதுவாழ்விற் கலந்தனர். ஆகையால் அது ஒருவகையில் நன்மையாயிற்று என்பது அவர் கருத்து. 1981 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் விசாரணை ஆணைக்குழுமுன் இக்கருத்தை அவர் கூறியபோது கூடியிருந்தோர் கூச்சலிட்டனர். கூச்சலிட்டோர் முகாமில் வாழ்ந்தவர், சாட்சியமளித்தவர் வாழாதவர்.

இவற்றை யாவும் தன்னலம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. கலந்துவிடுதலே விடுதலை என்பது அவர் உளமார நம்பிய கொள்கை. அவர் வாழ்வு அவ்வாறே அமைந்தது: யப்பானியர் செறிந்து வாழாத நகர்களில் வாழ்ந்தார், ஆங்கிலத்தாற் புகழும் பதவியும் பெற்றார். தம்முடைய பாதையை யாவருக்கும் உரிய பாதையெனக் கொண்டமையே அவர் செய்த தவறாகும்.

குடிவரவை அவர் வெறுத்தவரல்லர். மெக்சிக்கோத் தொழிலாளர் தற்காலிகமாக வந்து பணிபுரிய வழிசெய்யும் முயற்சியைச் செனற்றில் ஆதரித்தவர். வருவோர் ஆங்கிலத்தில் ஒன்றுபட வேண்டும் என்பதே அவர் நிபந்தனை. 1981 ஏப்பிரலில் ஆங்கிலத்தை அரசகரும மொழியாக்கும் அரசியலமைப்புத் திருத்தமொன்றை முதன்முதலாக முன்வைத்தார்; அது நிறைவேறவில்லை. 1983 இற் செனற்றைவிட்டு நீங்கியதும், மிச்சிகனைச் சேர்ந்த கண்வைத்தியர் ஜோன் ரன்ரனுடன் இணைந்து ‘யூ. எஸ். இங்கிலிஷ்’ என்னும் இயக்கத்தை நிறுவினார். 1986 இற் கலிபோர்ணிய வாக்காளரில் நூற்றுக்கு 73 பேர் 63 ஆம் பிரேரணையை ஏற்று ஆங்கிலத்தை மாநிலத்தின் அரசகரும மொழியாக்கினர். இரண்டாண்டுகளின் பின், இலத்தீன் அமெரிக்கக் குடியேறிகளை இழிவுபடுத்தும் ரன்ரனின் குறிப்பொன்று அம்பலமாக, இயக்கத் தலைவி லின்டா சாவெசும் ஒலிபரப்பாளர் வோல்ற்றர் குறோன்கைற்றும் விலகினர். மொழியைப் பற்றியதெனத் தொடங்கிய வழக்கு எவரைப் பற்றியது என்பது அப்போது பலருக்கும் தெளிவாயிற்று.

ஒரு நாட்டில் ஒரு மொழியை மட்டும் அரசகரும மொழியாக்குவதன் பொருள் யாதென இந்நாட்டு வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஹயகாவாவின் வாதத்திலுள்ள குறையை அவருடைய வாழ்வே காட்டுகிறது. பொது மொழியொன்றே குடியேறியோரைச் சமமாக்கும் என்றார். 1936 இல் ஒட்டாவாவிற் பேசிய நால்வருக்கும் அப்பொது மொழி வாய்த்திருந்தது; வாக்கு வாய்க்கவில்லை. 1954 வரை அவருக்குப் பிரசாவுரிமை மறுக்கப்பட்டமைக்கும் ஆங்கில அறிவு குறைந்தமை காரணமன்று. அவ்விரு தடைகளும் நீங்கியது சட்டம் மாறியமையால். சட்டம் மாறியது ஒதுக்கப்பட்டோர் கூட்டாகக் குரல் எழுப்பியமையால். அக்கூட்டுக் குரலில் ஒருகால் தாமும் சேர்ந்திருந்தார் என்பதை முதுமையில் அவர் எவ்வளவுக்கு எண்ணிப்பார்த்தார் என்பது அவருடைய பொதுப் பேச்சுகளிற் புலப்படவில்லை.

1988 ஓகஸ்ற்றில் றீகன் கையொப்பமிட்ட சட்டம் முகாமிலிருந்து எஞ்சியோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டொலரும் மன்னிப்பும் வழங்கியது. அடுத்த மாதம் கனடிய அரசும் 21,000 கனடிய டொலர் வழங்க இணங்கியது. ஹயகாவா 1992 பெப்ரவரி 27 இற் காலமானார். அவர் கோரிய அரசியலமைப்புத் திருத்தம் இன்றுவரை நிறைவேறவில்லை. 2025 மார்ச் 1 இற் சனாதிபதி ட்ரம்ப் நிறைவேற்றுக் கட்டளையொன்றினால் ஆங்கிலத்தை அரசகரும மொழியெனப் பிரகடனஞ் செய்தார். ஹயகாவா விடாது எதிர்த்துவந்தவற்றுள் ஒன்று, 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிறமொழிகளில் வழங்கப்பட்ட வாக்குச்சீட்டு. அவர் மறைந்த அதே ஆண்டு ஓகஸ்ற்றில் அச்சட்டம் விரிவாக்கப்பட்டது. அதன்படி லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் வாக்குச்சீட்டு வழங்கவேண்டிய மொழிகளுள் யப்பானியமும் ஒன்றாயிற்று.