பெயர் ஒருவருக்கு, பாடு இன்னொருவருக்கு

பெரகல சந்தியில் கொழும்பு–மட்டக்களப்பு வீதியிலிருந்து பிரிந்து, அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலி-எலவுக்குப் போகும் வீதியின் இரு பக்கமும் தேயிலைத் தோட்டங்கள். மாசி நெருங்கும்போது, காமன் கூத்து இன்னும் ஆடப்படும் மலையகத் தோட்டங்களில் ஒரு கேள்வி எழும்: இந்த வருடம் ரதி யார்? கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் ஒன்று முன்பே தெரியும். ரதியாக ஆடப்போகிறவர் பெரும்பாலும் ஓர் ஆண். வீடியோ கேம் உலகத்திலும் நெடுங்காலத் தொடர் ஒன்றின் புதிய பாகம் அறிவிக்கப்படும் போதெல்லாம் இதற்கு நிகரான ஒரு கேள்வி எழுகிறது: இந்த முறையாவது தலைமைப் பாத்திரம் பெண்ணாக இருக்குமா? பழைய பாகங்களை வைத்துப் பதில் சொல்பவர்கள், வழக்கம்போல் ஆண்தான் என்பார்கள்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று காமன் கூத்து. தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள் கூடவே கொண்டுவந்தது. அந்த வருகையின் 200ஆவது ஆண்டை மலையகம் 2023இல் நினைவுகூர்ந்தது. மற்றது 1986 பெப்ரவரியில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் தொடங்கிய 'த லெஜன்ட் ஒஃப் ஸெல்டா' தொடர். ஒன்றுக்குத் தப்பைத் தீயில் காய்ச்ச வேண்டும். மற்றதற்கு மின்சாரம் வேண்டும். இவ்வளவு தள்ளி நிற்கும் இரண்டும் ஒரே முடிச்சில் சிக்கியிருப்பதுதான் என்னை இங்கே இழுத்துவந்தது.

முதலில் பெயர். கூத்து காமனுடையது. ஊன்றுவது காமன் கம்பம், எரிவது காமன், உயிர்த்தெழுவதும் காமன். ஆனால் இரவிரவாகக் கூத்தைச் சுமப்பவள் அவன் மனைவி ரதி. சிவனின் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று மதனை, அதாவது காமனை, தடுத்துத் தர்க்கிப்பவள் அவள். அவன் சாம்பலான பின் புலம்பிப் புலம்பிக் கடைசியில் அவனைத் திரும்பப் பெறுபவளும் அவளே. மதன் பாதியிலேயே எரிந்துவிடுகிறான். ஸெல்டாவிலோ இது அப்படியே தலைகீழ். தொடர் இளவரசி ஸெல்டாவின் பெயரில் ஓடுகிறது. ஆனால் காடு மலை தாண்டி, நிலவறைகளில் இறங்கி, வாள் வீசுகிறவன் லிங்க் என்னும் பையன். தொடருக்குப் புதியவர்கள் பச்சைக் குல்லாய்ப் பையனைப் பார்த்து அவன்தான் ஸெல்டா என்று நினைப்பது உலகம் முழுக்க நடக்கிற தவறு. ஆணின் பெயரில் பெண் பாடுபடும் கதை ஒன்று. பெண்ணின் பெயரில் ஆண் பாடுபடும் கதை மற்றது. இப்படிப்பட்ட கதையில் 'தலைமைப் பாத்திரம் ஆணா பெண்ணா' என்று ஒரே வரியில் கேட்டால், பெயரைச் சுமப்பவரைக் கேட்கிறோமா, கதையைச் சுமப்பவரைக் கேட்கிறோமா என்பதே தெளிவாகாது. சர்ச்சைகளில் பாதி இந்த இடத்தில்தான் குழம்புகிறது என்பது என் எண்ணம்.

கதையைச் சுமப்பவர்கள் இருவரையும் ஒருவரோடொருவர் நிறுத்திப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ரதி முழுக்க முழுக்கக் குரல். அவள் கருவி தர்க்கம், அவள் ஆயுதம் ஒப்பாரி. லிங்க் வாய் திறப்பதே இல்லை. மூச்சிரைப்பும் வாள் வீச்சில் எழும் கத்தலும் தவிர அவனுக்கு வசனம் கிடையாது. விளையாடுபவர் யாராயினும் உள்ளே புகுந்துகொள்ள அவனை வெற்றிடமாக வைத்திருக்கிறார்கள். 'ஒகரினா ஒஃப் டைம்' காலத்திலிருந்தே ஆணா பெண்ணா என்று மயங்கும்படி லிங்கை வரைய விரும்பியதாகத் தொடரின் தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா 2016இல் சொன்னார். கூத்திலும் அந்த வெற்றிடம் உண்டு. ஆனால் அது பாத்திரத்தில் இல்லை, ஆடுபவரில் இருக்கிறது. காப்புக் கட்டி, விரதம் பிடித்து, தன்னை ஒதுக்கிவைத்த பின்தான் ஓர் ஆண் ரதிக்கு இடம் கொடுக்கிறார். அங்கே பாத்திரம் காலி, விளையாடுபவர் நிரப்புகிறார். இங்கே ஆடுபவர் காலியாகிறார், பாத்திரம் நிரப்புகிறது.

இரண்டும் நீண்டு வாழ்ந்த வழியும் ஒன்றே. காமன் ஒவ்வொரு மாசியிலும் மறுபடி எரிந்து மறுபடி பிறக்கிறான். ஸெல்டா தொடரிலும் ஒவ்வொரு பாகத்திலும் வருபவர்கள் பெரும்பாலும் வேறு லிங்க், வேறு ஸெல்டா. பகைவனின் சாபத்தால் வீரனும் இளவரசியும் தலைமுறை தலைமுறையாகத் திரும்பி வருகிறார்கள் என்று 2011இன் 'ஸ்கைவர்ட் ஸ்வோர்ட்' காரணம் சொன்னது. மறுபிறப்பை ஏற்கும் கதையில் பால் மட்டும் ஏன் மாறாமல் வரவேண்டும்? நம்முடைய இதிகாசம் இதில் இன்னும் துணிச்சலானது. அம்பை சிகண்டியாகப் பிறந்து போர்க்களத்துக்கு வந்தாள், வீடுமர் வீழ்ந்தார். பால் மாறியதால் கதை முறியவில்லை, மாறியதால்தான் நகர்ந்தது.

வேடத்தைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு நிறைவாகாது. என்னை மிகவும் வியக்கவைத்தது இந்த இடம்தான். கூத்தில் ரதிக்கும் மதனுக்கும் திருமணம் நடக்கிறது. மணமக்கள் இருவரும் ஆண்கள். பார்ப்பவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். வீடு வீடாக வரும்போது ரதியாகவே வரவேற்று வணங்குகிறார்கள். அதில் ஒரு துளிச் சந்தேகமும் கிடையாது. ஸெல்டா தொடரும் இப்படி வேடம் மாற்றி விளையாடியிருக்கிறது. 1998இன் 'ஒகரினா ஒஃப் டைம்' கதையில் இளவரசி தன் பகைவனிடமிருந்து தப்ப ஷீக் என்னும் வீரனாக உருமாறித் திரிகிறாள். 2017இன் 'பிரெத் ஒஃப் த வைல்ட்' கதையில் ஆண்கள் நுழையக்கூடாத கெருடோ நகருக்குள் போக லிங்க் பெண் உடை அணிகிறான். விராடன் அரண்மனையில் பிருகன்னளையாக இருந்த அருச்சுனனை அறிந்த நமக்கு இந்தக் காட்சி புதிதே அல்ல. அருச்சுனன் தபசு ஆடும் தோட்டங்களில் இதை இரண்டு வரியில் விளக்கிவிடலாம். ஸெல்டா பிறந்த 1986இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'மெட்ரொயிட்' இன்னும் ஒரு படி போனது. கவசத்துக்குள் இருக்கும் சாமுஸ் ஒரு பெண் என்பதை முடிவுவரை மறைத்துவைத்து, விரைந்து முடித்தவர்களுக்கு மட்டும் காட்டியது. கவசத்துக்குள் ஒரு பெண் என்பது அங்கே கடைசி நிமிடத் திடுக்கிடல். சேலைக்குள் ஓர் ஆண் என்பது இங்கே தொடக்கத்திலிருந்தே எல்லோரும் அறிந்த உண்மை.

மறைத்துவைத்தால் ஊகம் பிறக்கும், ஊகம் கட்சி கட்டும். ஷீக் உருவத்தில் ஸெல்டா உண்மையாகவே ஆணாக மாறினாளா, உடை மட்டும் மாற்றினாளா என்று ரசிகர்கள் ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் வாதாடினார்கள். உடை மட்டும்தான் என்று 2014இல் நின்டெண்டோ தரப்பில் சொன்னபின்னும் வாதம் ஓயவில்லை. அதே ஆண்டு வந்த ஒரு முன்னோட்டப் படத்தில் லிங்கின் முகம் மென்மையாகத் தெரிந்ததால் அவன் இனிப் பெண்தான் என்று ஒரு சாரார் கொண்டாடினார்கள், மறு சாரார் பதறினார்கள். காமன் கதைக்கும் கட்சிகள் உண்டு. தமிழகத்து லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து, காமன் உண்மையில் எரிந்தானா என்று டேப்பு அடித்துப் பாடி வாதாடுவார்கள். ஆனால் அந்த வாதத்தை யாரும் வந்து தீர்த்துவைக்க வேண்டியதில்லை. தீராமல் இருப்பதற்கென்றே அது நடத்தப்படுகிறது. இரு கட்சியும் சேர்ந்துதான் ஒரு நிகழ்ச்சி. கேம் ரசிகர்களின் வாதம் உரிமையாளரின் ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருக்கிறது. கதைக்கு உரிமையாளர் இருப்பதும் இல்லாததும் சர்ச்சையின் குணத்தையே மாற்றிவிடுகின்றன.

விளையாட்டுகளில் பெண் பாத்திரம் இல்லாததற்குச் சொல்லப்படும் காரணங்களில், செலவு என்பதை விரைந்து கடந்துவிடலாம். 2014இல் யூபிசொஃப்ட் நிறுவனம் தன் 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' விளையாட்டில் பலர் சேர்ந்து ஆடும் பகுதிக்குப் பெண் பாத்திரம் சேர்க்காததற்கு, அசைவுப் படங்களின் வேலை இரட்டிப்பாகும் என்று காரணம் சொல்லிக் கண்டனத்துக்கு ஆளானது. நான்கே ஆண்டுகளில், 2018இல் அதே தொடரின் 'ஒடிசி' உடன்பிறந்த ஆண், பெண் இருவரில் யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்க விட்டது. ஒரு சேலை, ஒரு சடை, கொஞ்சம் அரிதாரம் கொண்டு பால் மாற்றத்தை முடித்துவிடும் கூத்துக்காரர்கள் முன்னால் அந்தக் காரணம் நிற்காது.

சமநிலை என்ற காரணம் அப்படியல்ல. அதை நேர்மையாக எடைபோட வேண்டும். 2016இல் அவோனுமா சொன்ன விளக்கத்தின் சாரம் இது: தொடரின் மையத்தில் இருக்கும் முப்பகுதிச் சின்னத்தில் ஆற்றல் பகைவன் கனொன்டோர்ஃபுக்கு, அறிவு ஸெல்டாவுக்கு, துணிவு லிங்குக்கு, லிங்கைப் பெண்ணாக்கினால் அந்தச் சமநிலை குலையும். அப்படியானால் ஸெல்டாவையே நாயகியாக்கலாமே என்றால், அவள் போரிடப் போனால் லிங்க் என்ன செய்வான் என்ற கேள்வி வந்து நின்றதாம். இது சாக்குப்போக்கு அல்ல, கதை கட்டுபவரின் உண்மையான சிக்கல். ஆயினும் அந்தக் கேள்விக்கு மலைத் தோட்டங்களில் நெடுங்காலமாகப் பதில் ஆடப்பட்டு வருகிறது. ரதி போராடும்போது மதன் என்ன செய்கிறான்? எரிந்து சாம்பலாகிக் கிடக்கிறான். அவனுடைய இல்லாமைதான் அவளுக்கு வேலை. காமன் கூத்தின் சமநிலை அதனால் குலையவில்லை. அந்த இல்லாமைதான் கூத்தின் அச்சு.

நின்டெண்டோ கடைசியில் வந்து சேர்ந்த இடமும் அதுதான். 2024 செப்டெம்பரில் வெளிவந்த 'எக்கோஸ் ஒஃப் விஸ்டம்' தொடக்கத்திலேயே லிங்க் ஒரு பிளவுக்குள் விழுங்கப்படுகிறான். ஸெல்டா அவனை மீட்கப் புறப்படுகிறாள். தொடரை உருவாக்கிய நிறுவனம் தன் முதன்மைப் பாகம் ஒன்றில் அவளைத் தலைமைப் பாத்திரமாக்கியது 38 ஆண்டுகளுக்குப் பிறகு. 1993இல் ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் கருவிக்கு வெளியார் செய்த ஒரு விளையாட்டில் அவள் நாயகியாக வந்திருந்தாள், ஆனால் தொடரின் குடும்பத்தில் அதைச் சேர்ப்பதில்லை. புதிய பாகத்தை இயக்கியவர்களில் ஒருவரான டொமொமி சானோ, இத்தொடரின் முதல் பெண் இயக்குநர். நாயகி மாறிய பாகத்தில்தான் இயக்குநர் இருக்கையும் மாறியது என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தப் பாகத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒரு தயக்கம் தெரிகிறது. ஸெல்டாவின் இயல்பான ஆயுதம் வாள் அல்ல. கட்டில், மேசை, அரக்கர் என்று கண்டதன் பிரதிகளை எழுப்பி அவற்றைக் கொண்டு போரிடுகிறாள். அது அழகான கற்பனை. வாள் வேண்டுமென்றால் சிறிது நேரம் லிங்கின் வீர உருவைப் பூண்டுகொள்ள வேண்டும். அதற்குரிய ஆற்றல் தீர்ந்ததும் அந்த உரு கலைந்துவிடும். பெண் தலைமை ஏற்றாள், ஆனால் வாளைத் தொட ஆணின் உருவைக் கடன் வாங்கவேண்டியிருக்கிறது. தோட்டத்திலோ ஆண் ரதியின் புலம்பலைத் தொடச் சேலையைக் கடன் வாங்குகிறான். கடன் என்ற அளவில் இரண்டும் ஒன்று. கடன் கொடுத்தவர் யார் என்று கேட்டால்தான் ஒப்பீடு கனக்கிறது. லிங்கின் உரு ஒரு நிறுவனத்தின் சொத்து. ரதியின் புலம்பல் எங்கிருந்து வந்தது? இழவு வீட்டு வாசலில் ஒப்பாரி வைக்கும் பெண்களிடமிருந்து. பகலெல்லாம் மலையில் கொழுந்து எடுத்து, வந்து சோறாக்கி, அதற்குமேல் இரவில் கூத்தைப் பார்க்க உட்காருகிறவர்களின் தொண்டையில் இருப்பது அந்த ராகம்.

விளையாட்டில் உடல் ஆணுடையது, இயக்கும் கை சிறுமியினுடையதாகவும் இருக்கலாம், யாரும் தடுப்பதில்லை. 2012இல் கனடாவில் ஒரு தந்தை, தன் சிறு மகளுக்காக ஸெல்டா பாகம் ஒன்றின் வசனங்களைத் திருத்தி லிங்கைப் பெண்ணாக அழைக்கவைத்தார். திரையில் உருவம் மாறவில்லை, அழைப்பு மட்டும் மாறியது. அந்தக் குழந்தைக்கு அது போதுமாக இருந்தது. கூத்தில் பாத்திரம் பெண், ஆடும் உடல் ஆண், அழைப்பெல்லாம் ஏற்கெனவே பெண்ணுக்குரியது. அப்படியென்றால் கூத்தில் மாற வேண்டியது மிகக் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த மாற்றம்தான் கடினம்.

பெண் ரதியாக ஆடாததற்கு விரதத் தூய்மை, இரவிரவாக வெளியில் நிற்பது, ஊர்ப் பேச்சு என்று சொல்லப்படும் காரணங்களில் ஊர்ப் பேச்சைத் தவிர மற்றவை விலகக்கூடியவை என்றே நினைக்கிறேன். இரவில் பாதுகாப்பாக ஆட வழி செய்வது ஊரின் கையில் இருக்கிறது. விரதம் பிடிக்கப் பெண்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மேடையிலோ திரையிலோ பால் மாறி நடிப்பது ஆண்களுக்கு மட்டும் உரியதென்று தமிழ் வரலாறும் சொல்லவில்லை: கே. பி. சுந்தராம்பாள் 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். மறுபக்கம், ரதியாக ஆடும் ஆண்களின் கலை எளிதானதல்ல. நடையும் கண்ணும் குரலும் கூடிவரப் பல மாசிகள் பழக வேண்டும். பெண் வந்தால் அந்தக் கலை அழிந்துபோகுமே என்ற கவலையையும் நான் மதிக்கிறேன்.

விளையாட்டு இந்தச் சிக்கலுக்கு ஒரு தேர்வுப் பட்டியலால் பதில் சொல்லிவிடும்; ஆணா பெண்ணா என்று ஒரு பொத்தானை அழுத்தினால் ஆயிற்று. கூத்துக்கு அந்த வசதி இல்லை, ஓர் இரவில் ஒரு ரதிதான். ஆனால் அதற்கு வேறொரு வசதி உண்டு. 'பிரெத் ஒஃப் த வைல்ட்' கதையின் அடுத்த பாகம் வர ஆறு ஆண்டுகள் ஆயின. காமன் கூத்தின் அடுத்த பாகம் அடுத்த மாசியிலேயே வந்துவிடுகிறது. ஒரு வருடம் ஒரு பெண்ணும் மறுவருடம் ஓர் ஆணும் ரதியாக ஆடலாம். யார் ஆடினாலும் முதல் நாள் தொடங்கிப் பக்கத்தில் நின்று நடையைத் திருத்தவும் வசனம் எடுத்துக்கொடுக்கவும் உகந்தவர் பழைய ரதி ஒருவரே. ஸெல்டாவின் அடுத்த முதன்மைப் பாகத்தில் அவள் கையில் கடன் வாங்காத ஒரு வாள் இருக்கிறதா என்று பார்க்க எவ்வளவு ஆவலோ, அவ்வளவு ஆவலோடு அப்படியொரு மாசியையும் எதிர்பார்க்கிறேன்.