திகைப்பை உரைக்கும் சொற்கள்

நம் காலனிப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து நாள்தோறும் புதுப்புது ஆங்கிலச் சொற்களைக் கொண்டு வருகின்றனர். ஒருவனைத் திகைக்கவோ வியக்கவோ குழம்பவோ செய்வதைக் குறிக்க அம்மொழியில் உள்ள சொற்கள் மிகப் பல. அஸ்டானிஷ், பிவில்டர், பெர்ப்ளெக்ஸ், கன்பியூஸ், பாம்பூசில், ஃப்ளம்மக்ஸ் என்று அவர்கள் அடுக்கிவிட்டு, "இத்தனைக்கும் தமிழில் சொல் உண்டா?" என வினவுகின்றனர். அவ்வேளையில் நாம் 'குழப்பம்' என்னும் ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறோம். அவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு, அச்சொற்களின் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

சொல்லின் வரலாற்றை ஆராய்வதற்கு ஏரவாடாவை விடப் பொருத்தமான இடம் அரிது. 1821-ஆம் ஆண்டில் தோன்றிய பாடசாலையொன்றிலிருந்து வளர்ந்த டெக்கான் கல்லூரி நம் அண்டையிலேயே உள்ளது. அங்கே 1948-ஆம் ஆண்டில் பேராசிரியர் எஸ்.எம். காத்ரே அவர்கள் சமஸ்கிருதப் பேரகராதிப் பணியைத் தொடங்கி வைத்தார். ஒவ்வொரு சொல்லும் எந்நூலில், எப்பொருளில் வழங்கியது என்பதைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதித் தொகுத்து, அதன் வாழ்க்கையைக் கால வரிசைப்படி காட்டுவதே அவ்வகராதியின் நோக்கம். இம்முறைக்குப் புகழ்பெற்ற முன்னோடியாக விளங்குவது ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. அதன் முதற்பகுதி 1884-இல் வெளிவந்தது. முழுப் பணியும் 1928-இல் நிறைவெய்தியது.

இம்முறையில் நோக்குவோமாயின், ஆங்கிலச் சொற்கள் தம் மறைபொருளை வெளியிடுகின்றன. அஸ்டானிஷ் என்பது இடியிடித்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நாமும் 'தலையில் இடி விழுந்தாற்போல' என்கிறோம் அன்றோ? பிவில்டர் என்பது வழியற்ற காட்டில் ஒருவனைத் திசை தப்பச் செய்தல். நம் பாட்டிமார் 'கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல' என்று கூறுவது அதுவே. பெர்ப்ளெக்ஸ் என்பதன் வேர்ப்பொருள் பின்னிப் பிணைந்தது என்பதாம். நமக்கோ சிக்கல் என்னும் சொல் உண்டு. கன்பியூஸ் என்பது பலவற்றை ஒன்றாக ஊற்றிக் கலத்தல். கலங்கிய நீரை நினைந்து கலக்கம் என்றும், குழம்பியதை நினைந்து குழப்பம் என்றும் நாம் வழங்குவது இதனோடு எத்துணை ஒத்திருக்கிறது! 'இனி மேலில்லை' என்று பொருள்படும் இலத்தீன் தொடரே நான்ப்ளஸ் என்றாயிற்று. மேற்கொண்டு சொல்லுதற்கு ஒன்றுமின்றி நிற்கும் நிலையை நாம் வாயடைத்துப் போதல் என்கிறோம்.

இவையன்றிக் குலம் கோத்திரம் தெரியாச் சொற்களும் ஆங்கிலத்தில் உள. ஏமாற்றித் திகைக்க வைத்தலைக் குறிக்கும் பாம்பூசில் என்னும் சொல் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மாநகரில் புதுவழக்காகப் பரவியது. கலிவரின் பயணங்களை எழுதிய ஜானதன் ஸ்விப்ட் 1710-ஆம் ஆண்டில் 'டாட்லர்' இதழில், இத்தகைய சொற்கள் மொழியைக் கெடுக்கின்றன என்று கடிந்து எழுதினார். அவர் வெறுத்த சொற்களுள் பாம்பூசிலும் ஒன்று. கூட்டத்தைக் குறிக்கும் மாப் என்பது மற்றொன்று. இரண்டும் இன்றளவும் வாழ்கின்றன. ஃப்ளாபர்காஸ்ட் என்பது 1772-இல் நாகரிகப் புதுச்சொல்லாகக் குறிக்கப்பட்டது. ஃப்ளம்மக்ஸ் என்னும் சொல்லைச் சார்லஸ் டிக்கன்ஸ் தம் 'பிக்விக் பேப்பர்ஸ்' கதையில் வண்டியோட்டி ஒருவரின் வாயில் வைத்தார். அம்முதியவர் அதனை இத்தாலிய நாட்டுச் சொல் என்று பெருமிதத்தோடு கூறுகிறார்! உண்மையில் அது இங்கிலாந்தின் நாட்டுப்புற வழக்கிலிருந்து வந்திருத்தல் கூடும் என்பது அறிஞர் கருத்து. பெருமை வேண்டிப் பிறமொழிப் பெயரைப் பூட்டிக்கொள்ளும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்.

நம் நாட்டிலிருந்து சென்ற சொல்லும் ஒன்று உண்டு. யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதி 1886-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவருள் பர்னெல், தஞ்சையில் நீதிபதியாக இருந்து, அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர். அவ்வகராதியில் பாபரி என்றொரு சொல் காணப்படுகிறது. கூச்சல் குழப்பம் என்பது அதன் பொருள். வியப்பிலும் வருத்தத்திலும் 'அப்பாடா' என்பதுபோல் எழும் 'பாப்ரே' என்னும் கூக்குரலே அதன் மூலம் என்று அந்நூல் கூறுகிறது. புனே நகரத் தெருக்களில் நாம் அன்றாடம் கேட்கும் குரல் அது. அகராதியின் பெயரோ இன்னும் வியப்பிற்குரியது. முகரம் பண்டிகையில் ஹசன், ஹுசைன் என்று எழுந்த முழக்கத்தை ஆங்கிலச் சிப்பாய்கள் தவறாகக் கேட்டதன் விளைவே ஹாப்சன் ஜாப்சன். ஒரு குழப்பமே ஓர் அகராதிக்குப் பெயராயிற்று.

நாம் வாழும் மண்ணின் மொழியையும் மறத்தல் ஆகாது. மராத்தியில் குழப்பத்திற்குக் கோந்தள் என்பர். பவானி தேவியைப் போற்றிக் கோந்தளிகள் பாடியாடும் வழிபாட்டுக் கலைக்கும் அதுவே பெயர். பறையொலியும் பாட்டும் ஆட்டமும் ஒருங்கே எழும் அக்காட்சியைக் கண்டவர்க்கு, இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்ததன் நயம் எளிதில் விளங்கும்.

இனி நம் மொழிக்கு வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் ஒன்றை மருட்கை என்றார். அது பிறக்கும் நிலைக்களன்களையும் நான்காகக் கூறினார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன அவை. முன் காணாததைக் கண்டாலும், மிகப் பெரியதைக் கண்டாலும், மிக நுண்ணியதைக் கண்டாலும், ஒன்று வேறொன்றாக மாறக் கண்டாலும் மனம் மருள்கிறது. திகைப்புக்குப் பெயர் மட்டுமின்றி, அதன் காரணத்தையும் ஆராய்ந்த இலக்கணம் நமக்கு உண்டு. இதனால் நம் மொழியே உயர்ந்தது என்று தருக்குதல் வேண்டா. இடியும் காடும் சிக்கிய நூலும் கலங்கிய நீரும் எந்நாட்டார்க்கும் பொது. அவற்றிலிருந்து சொல் சமைத்த அறிவும் பொது.

ஆயினும் ஓர் உண்மையை நாம் மறைத்தல் ஆகாது. சொல் இல்லாமையால் அன்று, சொல்லாமையால் நம் பிள்ளைகள் தமிழை இழக்கின்றனர். பேயறைந்தாற்போல நின்றான், திருதிருவென விழித்தான், மலைத்துப் போனான், அசந்து போனான் என்பன அகராதியைப் பார்த்து நாம் கற்றவை அல்ல. அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் காதால் கேட்டுக் கற்றவை. நாம் ஊரை விட்டு வந்தோம். திண்ணை நம்மோடு வரவில்லை. நாம் வாய் திறந்து சொன்னாலன்றி, நம் பேரன்மார் அச்சொற்களை வேறெங்குக் கேட்பர்?

ஆகவே, சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெல்லை, தஞ்சை, கோவை, வட ஆர்க்காடு எனப் பல வட்டாரத்தாரும் நம் காலனியில் ஒருங்கே வாழ்கிறோம். வீட்டிலுள்ள முதியோர் வழங்கும் தொடர்களை, அவர் எவ்வூரார், எவ்வேளையில் அவ்வாறு சொல்வார் என்னும் குறிப்போடு சிறு சீட்டுகளில் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்வோம். அண்டையிலுள்ள கல்லூரியில் அறிஞர்கள் செய்தது அதுவேயாம். அடுத்த ஆண்டு விழாவிற்குள் வீட்டுக்கு 10 சீட்டுகள் சேர்ந்தாலும் போதும். பிறகு பிள்ளைகள், "இத்தனைக்கும் தமிழில் சொல் உண்டா?" என்று கேட்குங்கால், நாம் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை, அவர்கள் எழுதிய சீட்டுகளையே எடுத்துக் காட்டலாம்.