உறங்கும் கணிப்பொறிகளும் காண்டோர்ப் பறவையும்

ஒரு கணிப்பொறி பெருங்கூடம் ஒன்றை அடைத்துக் கொண்டிருந்த காலத்தில், பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதன்முன் முறைவைத்துக் காத்திருந்தனர். 1980-களில் அந்நிலை மாறத் தொடங்கிற்று. தனித்தனிக் கணிப்பொறிகள் அவரவர் மேசைக்கே வந்தன. வந்த பின்னும் குறை தீர்ந்தபாடில்லை. ஓர் அறையில் ஒருவருடைய கணக்கு வாரக்கணக்கில் முடிவுறாது நீளும். அடுத்த அறையிலோ, உரியவர் வீடு திரும்பிவிட்டமையால், அதே ஆற்றலுடைய பொறி இரவெல்லாம் சும்மா கிடக்கும். நெல்லைக் குதிரில் சேமிக்கலாம். கணிப்பொறியின் நேரத்தை எதில் சேமிப்பது?

அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் இவ்விரயத்தைத் தடுக்க முனைந்தவர் மிரன் லிவ்னி. பல பொறிகளுக்கிடையே வேலையைப் பங்கிடும் முறையையே இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தில் தம் முனைவர் பட்டத்திற்கும் ஆய்ந்தவர் அவர். மைக்கேல் லிட்ஸ்கோ, மாட் முட்கா ஆகியோருடன் சேர்ந்து, ‘காண்டோர்’ என்னும் அமைப்பைப் பற்றிய கட்டுரையை 1988ஆம் ஆண்டில் வெளியிட்டார். 23 பொறிகளில் ஒரு மாத காலம் திரட்டிய விவரங்கள் அதில் இடம்பெற்றன. காண்டோர் என்பது அமெரிக்க மலைகளில் வட்டமிட்டு இரைதேடும் பெருங்கழுகு. இந்தக் காண்டோருக்கு இரை, வேலையற்றுக் கிடக்கும் பொறிகள்.

பொறியியல் சிக்கலைக் காட்டிலும் மனிதச் சிக்கலே இதில் பெரிது. தம் ஆராய்ச்சிப் பணத்தில் வாங்கிய கணிப்பொறியைப் பிறர்க்கு இரவல் தர எவர் முன்வருவர்? திரும்பி வந்து அமரும்போது அது அயலார் கணக்கில் மூழ்கியிருக்கக் கண்டால், மறுநாளே இணைப்பைத் துண்டித்துவிடுவார். ஆகவே காண்டோர் உரியவரின் உரிமைக்கே முதலிடம் அளித்தது. அவர் விசைப்பலகையைத் தொட்டவுடன் அயலார் வேலை நின்றுவிடும். அவர் எழுந்து செல்லாவிடில், அதுவரை செய்த கணக்கு நின்ற நிலையிலேயே படியெடுக்கப்பட்டு, வேறொரு பொறியில் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரவல் பெறுவோரிடையேயும் நீதி வேண்டியிருந்தது. மிகுதியாகப் பெற்றவரின் முன்னுரிமை இறங்கும், காத்திருப்பவருடையது ஏறும். என்றோ ஒருநாள் கேட்கும் எளிய மாணவனை, ஓயாது கணக்கிடும் பெரியோர் ஒதுக்கித் தள்ள இயலாமற் போயிற்று. இவ்வமைப்பு நெடுநாள் நிலைத்தமைக்கு இவ்விதிகளே பெருங்காரணம் எனலாம்.

பின்னர் வந்த முயற்சிகள் அளவில் பெரியவை. இயன் ஃபாஸ்டரும் கார்ல் கெஸல்மனும் மின்சார வலையை உவமையாக்கி, ‘கிரிட்’ என்னும் பெயரை 1990-களின் இறுதியில் பரப்பினர். 1999 மே மாதத்தில் பெர்க்லி பல்கலைக்கழகம், அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் பதிவுகளைத் துண்டு துண்டாகப் பொதுமக்களின் வீட்டுக் கணிப்பொறிகளுக்கு அனுப்பி, வேற்றுலக அறிவுயிர்களின் குறிகளைத் தேடச் செய்தது. பல இலட்சம் பேர் சேர்ந்தனர். 2020 மார்ச்சில் துண்டுகள் அனுப்புவது நின்றபோது அத்தகைய குறி எதுவும் உறுதிப்பட்டிருக்கவில்லை.

காண்டோரின் பெயர் 2012இல் ‘எச்.டி.காண்டோர்’ என நீண்டது. பறவை மட்டும் பெயரைவிட்டுப் பறக்கவில்லை. 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் முதன்முதலாக ஈர்ப்பலையைப் பதிவு செய்தன. கருவிகளின் இரைச்சலிலிருந்து அவ்வலையைப் பிரித்தறியும் கணக்குகளை எண்ணற்ற பொறிகளுக்குப் பகிர்ந்தளித்த பணியில் காண்டோரும் இருந்தது.