ஆதியாகமமும் உலகின் வயதும்: வழக்கு இடம் மாறிய வரலாறு

உலகம் எந்த ஆண்டில் உண்டானது என்று ஆதியாகமம் எங்கும் சொல்லவில்லை. பொது மொழிபெயர்ப்பில் ‘தொடக்க நூல்’ என்று வழங்கும் அந்நூலின் முதல் அதிகாரத்தில் ஆறு நாள் படைப்பு இருக்கிறது. ஐந்தாம் அதிகாரத்தில் ஆதாம் எத்தனை வயதில் சேத்தைப் பெற்றான், சேத் எத்தனை வயதில் ஏனோசைப் பெற்றான் என்று நீளும் வம்ச அட்டவணை இருக்கிறது. ஆறு முதல் ஒன்பது வரை ஜலப்பிரளயம். இந்த மூன்று பகுதிகளையும் கையில் வைத்துக்கொண்டுதான் கிறிஸ்தவ அறிஞர்கள் 1,800 ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் வயதைப் பற்றி வாதாடி வருகிறார்கள்.

இன்று இந்தச் சர்ச்சையைக் காதில் வாங்குகிறவர், ‘நாள்’ என்றால் 24 மணி நேரமா, நீண்ட யுகமா என்பதே ஆரம்பம் முதல் இருந்துவரும் கேள்வி என்று எண்ணக்கூடும். நூல்களைக் கால வரிசையில் அடுக்கினால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. முதல் 1,600 ஆண்டுகள் வழக்கு பெரும்பாலும் ஐந்தாம் அதிகாரத்தில் நடந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அது முதல் அதிகாரத்துக்கு வந்தது. 20-ஆம் நூற்றாண்டில் பிரளயத்துக்குப் போனது. ஒவ்வொரு முறை இடம் மாறியபோதும் வழக்காடியவர்களின் கவலையும் மாறியிருந்தது.

வம்ச அட்டவணைக் கணக்கு

ஆதி சபையிடம் இருந்தது ஒரே கணக்கன்று. எபிரேய மூலத்தில் ஆதாம் 130 வயதில் சேத்தைப் பெறுகிறான். ‘எழுபதின்மர்’ கிரேக்கப் பெயர்ப்பில் 230 வயதில். சேத்துக்கு எபிரேயத்தில் 105, கிரேக்கத்தில் 205. இப்படித் தலைக்கு நூறு நூறாக ஏறி, படைப்பிலிருந்து பிரளயம் வரை எபிரேயத்தில் 1,656 ஆண்டுகளாக இருப்பது கிரேக்கத்தில் 2,242 ஆகிவிடுகிறது. சமாரியரின் ஐந்தாகமத்தில் அது வெறும் 1,307. கிரேக்கக் கணக்கில் ஒரு சங்கடமும் உண்டு. அதன் சில படிகளின்படி மெத்தூசலா பிரளயத்துக்குப் பிறகும் 14 ஆண்டுகள் உயிரோடிருக்கிறான், அவன் பேழையில் ஏறாதபோதும்! அகுஸ்தீனார் இதைக் கவனித்து, எழுத்தர் பிழையாக இருக்கலாம் என்று தம் ‘கடவுளின் நகரம்’ நூலில் விவாதிக்கிறார்.

கி.பி. 180-ஐ ஒட்டி அந்தியோகியாவின் தெயோபிலு கிரேக்கக் கணக்கில் 5,695 ஆண்டுகள் என்று கூட்டிச் சொன்னார். அடுத்த தலைமுறையில் ஹிப்போலித்து, கிறிஸ்து பிறந்தது உலகின் 5,500-ஆம் ஆண்டில் என்றார். அவருக்கு உலகின் வயதைவிட உலகின் முடிவுதான் முக்கியம். ஆண்டவருக்கு ஒரு நாள் ஆயிரம் ஆண்டு போன்றது என்ற வேத வாக்கை ஆறு நாள் படைப்போடு பொருத்தினால் உலகத்துக்கு ஆயுள் 6,000 ஆண்டு. அப்படியானால் முடிவு கி.பி. 500 அளவில் வரவேண்டும். பின்னால் வந்த யூசேபியு கிறிஸ்துவின் பிறப்பை 5,199-க்கு இறக்கினார். முடிவு 800-க்குத் தள்ளிப்போனது. 800 நெருங்கும் வேளையில், 703-இல், இங்கிலாந்துத் துறவி பீடு எபிரேயக் கணக்கைக் கையிலெடுத்து 3,952 என்றார். கெடு நெருங்கும்போதெல்லாம் உலகம் இளமை கூடிக்கொண்டே போனதைத் தற்செயல் என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உலக முடிவுக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்று கேட்டு நச்சரிப்பவர்களைப் பற்றிப் பீடே சலித்துக்கொள்கிறார். ஆயரின் விருந்தில் குடித்திருந்த சிலர் தம்மைப் பேதகக்காரர் என்று பழித்ததை அறிந்து 708-இல் அவர் எழுதிய மறுப்புக் கடிதம் இன்றும் கிடைக்கிறது. ‘நாள்’ என்பதற்கு அவர் என்ன பொருள் சொன்னார் என்பதில் அவர்களுக்கு அக்கறையில்லை. ஆண்டுக் கணக்கைக் குறைத்ததால் கிறிஸ்து ஆறாம் யுகத்தில், அதாவது உலகின் ஆறாம் ஆயிரமாண்டில், வந்தார் என்பதை அவர் மறுக்கிறார் என்பதே குற்றச்சாட்டு. கிழக்கத்திய சபையோ கிரேக்கக் கணக்கை விடவில்லை. கி.மு. 5509-இல் தொடங்கும் உலக ஆண்டு ரஷ்யாவில் அரசாங்க நாட்காட்டியாகவே இருந்தது. மகா பீட்டர் அதை மாற்றியபோது 7208-ஆம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது, அடுத்து வந்தது 1700.

முதல் அதிகாரத்தைப் பற்றி அக்காலத்தில் யாரும் பேசவில்லை என்பதில்லை. சூரியன் நான்காம் நாளில்தான் படைக்கப்படுகிறது என்றால் முதல் மூன்று நாளுக்குக் காலையும் மாலையும் எப்படி வந்தன என்று ஓரிகன் 3-ஆம் நூற்றாண்டிலேயே கேட்டார். பசிலியார் தம் ‘ஆறு நாள்’ பிரசங்கங்களில் நாளை நாளாகவே கொண்டார். அகுஸ்தீனார் இரண்டுக்கும் அப்பால் போனார். கடவுள் யாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், ஆறு நாள் என்பது வானதூதர்கள் அதை உணர்ந்துகொண்ட வரிசை என்றார். இதற்கு அவர் பிடித்த ஆதாரங்களில் ஒன்று சீராக் ஆகமத்தின் லத்தீன் பெயர்ப்பில் வந்த ‘ஒருங்கே’ என்ற ஒரு சொல். ஆனால் அதே அகுஸ்தீனார் உலகத்துக்கு இன்னும் 6,000 ஆண்டு ஆகவில்லை என்பதில் உறுதியாக இருந்தார். இன்று இரு தரப்பும் அவரைச் சாட்சிக்கு அழைக்கின்றன. இரு தரப்பும் பாதி அகுஸ்தீனாரைத்தான் அழைத்து வருகின்றன. நாளை உருவகமாகக் கொள்வதும் உலகத்தை இளமையாகக் கொள்வதும் அவருக்கு முரணாகத் தெரியவில்லை. இரண்டும் வெவ்வேறு அதிகாரங்களின் சங்கதி.

சீர்திருத்த காலத்தில் லூதர் அகுஸ்தீனாரின் ‘ஒரு கணத்தை’ ஒதுக்கி, ஆறு நாள் ஆறு நாளே என்றார். 1554-இல் வெளிவந்த ஆதியாகம விளக்கத்தில் கால்வின் காட்டும் நிதானம் ஆர்வமூட்டுவது. வானியலார் சனிக்கோள் நிலவைவிடப் பெரியது என்கிறார்கள். மோசேயோ நிலவைப் பெருஞ்சுடர் என்கிறார். மோசே சாதாரண மனிதரின் கண்ணுக்குத் தெரிவதை எழுதினார், வானியல் கற்க விரும்புகிறவர் வேறிடம் போகட்டும் என்று கால்வின் முடித்துக்கொள்கிறார். ஆயினும் உலகின் வயதில் அவருக்கும் 6,000-க்குள்தான் கணக்கு.

அட்டவணைக் கணக்கின் உச்சம் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் வெளியிட்ட லத்தீன் பெருநூல். படைப்பு கி.மு. 4004, அக்டோபர் 23 ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய அந்தியில் தொடங்கியது என்பது அவர் முடிவு. இதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் அவர் செய்தது விரலை மடக்கி எண்ணும் காரியமல்ல. பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சார் இறந்த கி.மு. 562 வேதத்துக்கு வெளியேயிருந்து அவருக்குக் கிடைத்த பிடிமானம். அவன் மகன் ஏவில்மெரொதாக் அரசேறிய ஆண்டு, யூதாவின் யோயாக்கீன் சிறைப்பட்ட 37-ஆம் ஆண்டு என்று ராஜாக்கள் புத்தகம் சொல்கிறது. அங்கிருந்து அரசர் வரிசையைப் பிடித்துப் பின்னோக்கி நடந்தார். தேராகு 70 வயதில் ஆபிராமைப் பெற்றான் என்று மேலோட்டமாகப் படுவதை அவர் ஏற்கவில்லை. தேராகு 205 வயதில் இறந்தான், ஆபிராம் 75 வயதில் கானானுக்குப் போனான் என்கிறது ஆதியாகமம்; தகப்பன் இறந்த பிறகே போனான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்வதால், ஆபிராம் பிறந்தபோது தேராகுக்கு 130 என்று 60 ஆண்டுகளைக் கூட்டினார். ஆக, பிரளயம் கி.மு. 2348, ஆபிராம் பிறப்பு 1996. ஸ்காலிஜர், கெப்ளர், லைட்ஃபுட் ஆகியோரின் கணக்குகளும் ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே அஷரை ஒட்டி நிற்கின்றன. அது அக்கால வரலாற்றியலின் முதல்தர வேலை. அஷரின் கணக்குப்படி சாலொமோனின் ஆலயம் சரியாக 3,000-ஆம் ஆண்டிலும் கிறிஸ்து பிறப்பு சரியாக 4,000-ஆம் ஆண்டிலும் வந்து விழுவதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. 1701-இல் ஆங்கில வேதாகமத்தின் ஓரத்தில் இந்த ஆண்டுகள் அச்சேறின. ஓரக்குறிப்பு காலப்போக்கில் வேத வசனத்தின் மதிப்பைப் பெற்றது.

பாறைகள் பேசிய நூற்றாண்டு

அட்டவணையைப் பாறைகள்தான் அசைத்தன. 1749 முதல் வெளிவந்த இயற்கை வரலாற்று நூலுக்காகப் பாரிஸ் இறையியல் அறிஞர்களின் கண்டனத்தைச் சந்தித்த பியூஃபோன், 1778-இல் பூமிக்கு ஏறக்குறைய 75,000 ஆண்டு என்று அச்சிட்டார். பத்தாண்டுகளில் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன், பாறைகளில் தொடக்கத்தின் தடயமே தெரியவில்லை என்றார்.

இதற்குச் சபைக்குள்ளிருந்து வந்த பதில்கள் வேதத்தைக் கைவிட்டவர்களின் பதில்கள் அல்ல. ஸ்காட்லாந்தின் சுவிசேஷப் பிரசங்கி தாமஸ் சால்மர்ஸ் 1814-இல் ஒரு வழி சொன்னார்: முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவே கணக்கில்லாத காலம் கழிந்திருக்கலாம், ஆறு நாள் என்பது பாழான பூமியைச் சீரமைத்த ஆறு நாள். இதுவே ‘இடைவெளிக் கொள்கை’. வசனத்தின் ஒரு சொல்லையும் தொடாமல் புவியியலாளர் கேட்ட அத்தனை காலத்தையும் தூக்கிக் கொடுத்துவிடும் கெட்டிக்காரத்தனம் அதில் இருந்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் புவியியல் கற்பித்த குருவானவர் வில்லியம் பக்லண்டின் பாதை இன்னும் சுவையானது. 1821-இல் யார்க்‌ஷயரின் கிர்க்டேல் குகையில் கழுதைப்புலி எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. அவை வெள்ளத்தில் அடித்து வரப்படவில்லை, கழுதைப்புலிகள் அங்கேயே குடியிருந்தன என்பதை அவர் நிறுவினார். அவற்றை மூடிய சேற்றை மட்டும் பிரளயத்தின் சாட்சி என்று 1823-இல் எழுதினார். 1836-இல் அந்தப் பிரளய விளக்கத்தைத் தாமே விலக்கிக்கொண்டு இடைவெளிக் கொள்கைக்கு வந்தார். அவர் நூலுக்கு எபிரேயக் குறிப்பு எழுதித் துணை நின்றவர் பழமைவாதத்துக்குப் பேர்போன எட்வர்ட் பியூசி. பக்லண்டின் கேம்பிரிட்ஜ் சகா ஆடம் செட்ஜ்விக், அவரும் குருவானவரே, 1831-இல் புவியியல் கழகத்தின் தலைவராக நின்று, பிரளயத்தைப் பற்றிய தம் முந்தைய கருத்து தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

கல்தச்சராகத் தொடங்கிச் சபைப் பத்திரிகை ஆசிரியரான ஹியூ மில்லர் முதலில் சால்மர்ஸை நம்பினார். பழைய உயிரினங்களுக்கும் இன்றைய உயிரினங்களுக்கும் இடையே எல்லாம் அழிந்துபோன ஒரு வெற்றிடத்தைப் பாறைகளில் அவரால் காண முடியவில்லை. எனவே 1857-இல், அவர் மறைவுக்குப் பின் வந்த நூலில், ‘நாள்’ என்பது யுகம் என்றார். இதற்கு எபிரேய மொழி இடம் கொடுக்கிறது: ஆதியாகமம் 2:4-இல் படைப்பு முழுவதையும் சேர்த்து அதே ‘யோம்’ என்ற சொல்லால்தான் குறிக்கிறார்கள். ‘அந்த நாளில் எங்கள் ஊரில்’ என்று பாட்டி கதை தொடங்கினால் நாம் யாரும் தேதி கேட்பதில்லை. ஆனால் ‘முதலாம் நாள், இரண்டாம் நாள்’ என்று எண்ணும்போது அதே நெகிழ்வு உண்டா என்பது எதிர்த்தரப்பின் கேள்வி, அதுவும் நியாயமானதே. அதே 1857-இல் பிலிப் கோஸ், ஆதாம் தொப்புளோடு படைக்கப்பட்டதுபோல் பூமியும் பழமையின் அடையாளங்களோடு படைக்கப்பட்டது என்றார். கடவுளைப் பொய்யராக்குகிறது என்று சொந்தத் தரப்பே அதை ஒதுக்கிவிட்டது.

அட்டவணையின் கதையை முடித்துவைத்தவர் பிரின்ஸ்டன் செமினரியின் வில்லியம் ஹென்றி கிரீன். ஐந்தாகமத்தை மோசே எழுதவில்லை என்ற நவீன விமர்சகர்களைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். 1890-இல் எழுதிய கட்டுரையில், வேத வம்ச வரலாறுகள் தலைமுறைகளைத் தாண்டிச் செல்வது வழக்கம் என்று காட்டினார். மத்தேயு முதல் அதிகாரத்தில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்ற மூன்று அரசர்கள் விடுபட்டிருப்பது கைமேல் கிடைத்த சான்று. ஆபிரகாமுக்கு முன் வேதத்தில் காலக்கணக்கே இல்லை என்பது அவர் தீர்ப்பு. 1909-இல் ரோமின் வேதாகம ஆணையமும் ‘யோம்’ என்ற சொல்லை நீண்ட காலம் என்று கொள்வது பற்றி அறிஞர்கள் தடையின்றி விவாதிக்கலாம் என்று அனுமதித்தது. அதே ஆண்டு வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் அடிக்குறிப்பில் இடைவெளிக் கொள்கையைப் போதித்தது. 1917 பதிப்பில் அஷரின் கி.மு. 4004-உம் சேர்ந்துகொண்டது. படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்தார்களோ!

பிரளயத்தின் வருகை

1925 ஜூலையில் டென்னசியின் டேட்டன் ஊரில், பரிணாமம் கற்பித்த ஆசிரியர் மீது நடந்த வழக்கில், பரிணாம எதிர்ப்பின் முகமாக நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ சாட்சிக் கூண்டேற்றினார். படைப்பின் நாள்கள் 24 மணி நேர நாள்களா என்று கேட்டபோது, அப்படி இருக்கவேண்டியதில்லை என்று பிரையன் சொன்னார். அவரைக் கேலி செய்த பத்திரிகைகள் எதைக் கண்டு நகைத்திருந்தாலும், இந்த ஒரு பதிலில் அவர் தம் தரப்பின் பொதுக்கருத்தையே சொன்னார். அன்றைய பழமைவாதிகள் பலர் யுகக் கொள்கையையோ இடைவெளிக் கொள்கையையோ ஏற்றவர்கள்.

இதற்கு மாறாக நின்றது ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. அவர்களுக்கு நாள் யுகமானால் சனிக்கிழமை ஓய்வுநாளின் அடித்தளமே போய்விடும். அச்சபையின் ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ், புவியியலைத் தாமே படித்துக்கொண்டவர், பாறை அடுக்குகள் யாவும் பிரளயத்தின் வண்டல் என்று 1923-இல் ‘புதிய புவியியல்’ எழுதினார். நாற்பது ஆண்டுகள் அது பெரும்பாலும் ஒரு சிறு வட்டத்துக்குள் கிடந்தது. 1956-இல் கிளேர் பேட்டர்சன் விண்கல்லின் ஈயத்தை அளந்து பூமிக்கு 455 கோடி ஆண்டு என்றார். ஐந்தே ஆண்டுகளில், 1961-இல், ஜான் விட்கம் என்ற இறையியலாளரும் ஹென்றி மோரிஸ் என்ற நீரியல் பொறியாளரும் எழுதிய ‘ஆதியாகமப் பிரளயம்’ வெளிவந்தது. வாதம் பிரைஸுடையது, அவர் பெயருக்கு மட்டும் நூலில் அதிக இடமில்லை. நூலின் தலைப்பைக் கவனிக்க வேண்டும்: ‘ஆறு நாள்’ என்றில்லை. உலகளாவிய பிரளயம் நிறுவப்பட்டால் பாறைகளின் பழமை கரையும். பாறைகளின் பழமை கரைந்தால் பரிணாமத்துக்குக் காலம் இருக்காது. 1961-க்குப் பின் இளம் பூமி என்பது பல சுவிசேஷ சபைகளில் விசுவாசத்தின் உரைகல்லானது. கால்வினிடமும் அஷரிடமும் இருந்தது நாளது வரையுள்ள ஆண்டுகளின் கணக்கு. இவர்களிடம் இருப்பது ஒரு மாற்றுப் புவியியல். முடிவாக வரும் எண் ஒன்றாயிருப்பதால் இரண்டையும் ஒரே மரபு என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

மறுதரப்பும் ஓயவில்லை. அந்நூலுக்கு முன்பே, 1958-இல், மெரிடித் கிளைன், ஆறு நாள் காலவரிசை அன்று, இலக்கியச் சட்டகம் என்று வாதாடினார். ஆறு நாளில் படைப்பு என்று சொல்லும் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை ஏற்ற அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபை ஒன்று இதை ஆராய அமைத்த குழு 2000-ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. குழுவினர் ஒரு முடிவுக்கு வர முடியாமல், நான்கு முக்கிய விளக்கங்களைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார்கள்.

இளம் பூமித் தரப்பு 2007-இல் கென்டக்கியில் படைப்பு அருங்காட்சியகம் திறந்தது. 2016 ஜூலையில் அதே மாநிலத்தின் வில்லியம்ஸ்டவுனில் அவர்கள் இன்னொன்றையும் திறந்தார்கள். மரத்தால் கட்டி, 510 அடி நீளத்தில் அங்கே நிற்பது நோவாவின் பேழை.